ஒரு பாட்டு, பல அபிப்பிராயம்!
குற்றாலச் சாரலில் கூடிய நண்பர்கள்

ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு நாலு நண்பர்கள் பேச ஆரம்பித்தால் என்ன நடக்கும்?

ஒருவர், "அபாரம்!" என்பார். இன்னொருவர், "சுமார்தான்" என்பார். மூன்றாவது ஆள், "மெட்டு நன்றாக இருக்கிறது. வார்த்தைதான் புரியவில்லை" என்பார். நாலாவது ஆள் வாயே திறக்கமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு சூடாகும். வாக்குவாதம் வரும். சில இடங்களில் மனஸ்தாபமும் வந்துவிடும். பாட்டு போய்விடும்; சண்டை மிஞ்சும்.

ஆனால், பாட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் மாறுபட்டுப் பேசலாம், நட்பு மட்டும் குறையக்கூடாது என்று வாழ்ந்து காட்டிய ஒரு கூட்டம் தென்பாண்டிச் சீமையில் இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் தென்காசிக்காரர் ஒருவர். ஊரார் அவரை "டி.கே.சி." என்றார்கள். தமிழ்நாடு அவருக்கு "ரசிகமணி" என்று பட்டம் கொடுத்தது.

வக்கீலுக்குப் பாட்டுப் பைத்தியம்

டி.கே. சிதம்பரநாத முதலியார் என்பது அவருடைய முழுப் பெயர். வக்கீலுக்குப் படித்தவர். திருநெல்வேலியில் வக்கீல் தொழிலும் பார்த்தார். ஆனால் மனம் கோர்ட்டில் நிற்கவில்லை. பாட்டிலே போய் நின்றது!

சென்னை மாகாணச் சட்டசபை மேலவையில் அங்கம் வகித்தார். 1930 முதல் சில ஆண்டுகள் இந்து அறநிலையத் துறையில் ஆணையர் பதவியும் பார்த்தார். பதவி வந்தது, போனது. பாட்டு மட்டும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டு முற்றத்தில் வட்டமாக ஒரு தொட்டிக்கட்டு. மேலே பார்த்தால் வானம் தெரியும். மாலை நேரங்களில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். யாரும் உயரமான நாற்காலியில் உட்காருவதில்லை. எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கே "வட்டத்தொட்டி" என்று பெயர் வந்துவிட்டது.

அதற்குச் சட்டதிட்டம் கிடையாது. சந்தா கிடையாது. தலைவர், செயலாளர் கிடையாது. பாட்டு ஒன்று, அதைச் சுற்றிப் பேச்சு. பேச்சுக்கு நடுவே பலகாரம், காப்பி. டி.கே.சி. வீட்டு உபசாரம் அந்த நாளில் பேர்போனது.

யார் யார் வந்தார்கள்?

வந்தவர்கள் ஒரே ரகத்து ஆட்கள் அல்ல. அதுதான் விசேஷம்.

எஸ். வையாபுரிப் பிள்ளை வந்தார். அவரும் வக்கீல்தான். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய தமிழ் அகராதிக்குப் பதிப்பாசிரியர் ஆனவர். பேராசிரியர் அ. சீனிவாச ராகவன் வந்தார். ஆங்கில இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவர். பிற்காலத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர். ஊர் ஊராகக் கோயில்களைப் பற்றி எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானும் இந்த வட்டத்தைச் சேர்ந்தவரே. ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர்கள். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இன்னொரு நண்பர்.

ஒருவர் ஆராய்ச்சிக்காரர். ஒருவர் நீதிமான். ஒருவர் அரசியல்வாதி. ஒருவர் பத்திரிகைக்காரர். ஒருவர் கவிஞர். இத்தனை பேருக்கும் ஒரே அபிப்பிராயம் இருக்க முடியுமா?

மலையே பாட்டான கதை

டி.கே.சி.க்கு உயிரான நூல்களில் ஒன்று "திருக்குற்றாலக் குறவஞ்சி". சொந்த ஊர்ச் சரக்கு என்பதால் மட்டும் அல்ல. மலையும் அருவியும் மரமும் பறவையும் குரங்கும் அப்படியே பாட்டாக மாறிய நூல் அது.

எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள மேலகரம் அவருடைய ஊர். 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அப்போது மதுரையில் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆட்சி (1706–1732). பாட்டில் மயங்கிய அரசர், கவிராயருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் "குறவஞ்சி மேடு" என்றே பெயர் வந்தது. ஒரு பாட்டுப் புத்தகத்தின் பெயரில் ஒரு நிலம்!

கதை சின்னதுதான். குற்றாலநாதர் வீதி உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். வாடுகிறாள். நிலவைத் திட்டுகிறாள். அப்போது ஒரு குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள். கை பார்த்துக் குறி சொல்கிறாள். நகைகளைப் பரிசாகப் பெறுகிறாள். அவள் புருஷன் சிங்கன் பறவை பிடிக்க வந்தவன், பெண்டாட்டியைக் காணாமல் தேடுகிறான். கடைசியில் கண்டுபிடிக்கிறான். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குறத்தி மலையைப் பற்றிச் சொல்லும் இடம் இருக்கிறதே! ஆண் குரங்கு பழம் கொடுத்துப் பெண் குரங்கைக் கொஞ்சுகிறது. சிந்திய பழத்துக்கு வானத்தவர்கள் கையேந்துகிறார்கள். சித்தர்கள் வந்து மூலிகை வளர்க்கிறார்கள். அருவியின் அலை எழும்பி ஆகாயத்தையே நனைத்துவிடுகிறது. ஈரத்தில் சூரியனுடைய குதிரைகளின் கால் வழுக்குகிறது, தேர்ச்சக்கரமும் வழுக்குகிறது!

இது வெறும் கற்பனையா? சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

சாரல் எங்கிருந்து வருகிறது?

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலிப் பக்கம் வெயில் கொளுத்தும். அதே நேரத்தில் தென்காசியில் குளிர்ந்த காற்று வீசும். காரணம், மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு அருகே இருக்கும் கணவாய். கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் ஈரக்காற்று அந்த வழியாக உள்ளே நுழைகிறது. மழையாக இல்லாமல் பூந்தூறலாகத் தெளிக்கிறது. அதுதான் சாரல்.

மலைமேல் பெய்த மழை சிற்றாறாக இறங்கி வருகிறது. தேனருவி, செண்பகாதேவி அருவி என்று குதித்து, பிறகு பேரருவியாக விழுகிறது. பேரருவி ஏறக்குறைய 200 அடி உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து நேராகத் தலையில் விழுந்தால் யார் தாங்குவது? இயற்கையே அதற்கு வழி செய்திருக்கிறது. நடுவிலே "பொங்குமாங்கடல்" என்று பாறையில் ஒரு பெரிய பள்ளம். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து கீழே வருகிறது. அதனால்தான் மக்கள் அடியில் நின்று குளிக்க முடிகிறது.

இந்தத் தண்ணீரும் இந்தக் காற்றும்தான் கவிராயரின் பாட்டில் இருக்கின்றன.

யாருக்கு எது பிடிக்கும்?

குறவஞ்சியில் இன்னொரு விசேஷம் உண்டு. அது ஒரே மாதிரிப் பாட்டு அல்ல. பலவகைக் கதம்பம். பண்டிதர்கள் ரசிக்கும் விருத்தம் இருக்கிறது. ராகம் போட்டுப் பாடும் கீர்த்தனை இருக்கிறது. ஆட்டத்துக்கு ஏற்ற கண்ணிகள் இருக்கின்றன. தெருக்கூத்து பார்த்தவர்கள் கை தட்டிச் சிரிக்கும் கேள்வி-பதிலும் இருக்கிறது.

சிங்கன், சிங்கியின் காலில் கிடக்கும் சிலம்பைப் பார்த்துப் பாம்பு என்று பதறுகிறான். அவளோ, அது இன்ன ஊரில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று பெருமையாகச் சொல்கிறாள். ஒவ்வொரு நகைக்கும் இப்படி ஒரு கேள்வி, ஒரு பதில். பள்ளிப் பாடப் புத்தகங்களிலும் இடம்பெற்ற பகுதி இது.

கதம்பம் என்றால் அபிப்பிராயமும் பலவிதமாகத்தானே இருக்கும்?

"இது பக்தி நூல். குற்றாலநாதரைப் பாடியது" என்பார் ஒருவர். "இது காதல் நாடகம். சாமி ஒரு சாக்கு" என்பார் இன்னொருவர். "ராஜகுமாரி போன்ற வசந்தவல்லியை விடுங்கள். உழைத்துப் பிழைக்கும் சிங்கனும் சிங்கியும்தான் உண்மையான கதாநாயகர்கள்" என்பார் மூன்றாமவர். "மனிதர்களே வேண்டாம்; அந்தக் குரங்கும் அருவியும் போதும்" என்பவரும் உண்டு.

இதில் யார் சொல்வது சரி? நாலும் சரிதான். வாழைக்குலையை ஒருவர் பழத்துக்காகப் பார்ப்பார். ஒருவர் இலைக்காக வாழைத் தோட்டத்துக்கே வருவார். வாழை ஒன்றுதான்.

மேடை ஏறிய குறவஞ்சி

1944-ல் ஒரு புதுமை நடந்தது. சென்னை அடையாற்றில் ருக்மிணி தேவி நடத்திய கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாக அரங்கேறியது. இந்த முயற்சிக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் டி.கே.சி. முக்கியமானவர். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசை அமைத்தார். கலாக்ஷேத்திரா வரிசையாகத் தயாரித்த நாட்டிய நாடகங்களுக்கு இதுவே தொடக்கம்.

அதற்கு 50 ஆண்டு கழித்து, 1994-ல் வெளிவந்த "காதலன்" திரைப்படத்திலும் குறவஞ்சிப் பாட்டு ஒன்று ஒலித்தது. இசை ஏ.ஆர். ரகுமான். கவிராயரின் வரிகளைக் கேட்டு இளைஞர்கள் தலையாட்டினார்கள். அது எந்த நூற்றாண்டுப் பாட்டு என்று பலருக்குத் தெரியாது!

பழைய பாட்டைப் புது மெட்டில் போடலாமா கூடாதா? இதற்கும் இரண்டு கட்சி உண்டு. பாட்டின் கௌரவம் போய்விட்டது என்பது ஒரு கட்சி. பாட்டு பெட்டியிலே தூங்குவதைவிடக் காதிலே விழுவது மேல் என்பது மறு கட்சி. ஆளுக்கொரு கட்சி பேசலாம். பாட்டு மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறது!

கம்பனைத் திருத்தலாமா?

வட்டத்தொட்டி நாயகரின் அபிப்பிராயத்துக்கு எல்லாரும் தலையாட்டினார்களா? இல்லை. தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைத்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் அல்ல.

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் வழங்குகின்றன. "இவற்றில் பல கம்பருடைய பாட்டே அல்ல. பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை" என்பது டி.கே.சி.யின் கட்சி. பல பாட்டுகளை நீக்கினார். சில பாட்டுகளில் வார்த்தைகளையும் மாற்றினார். மற்றவற்றை விளக்கத்தோடு "கம்பர் தரும் ராமாயணம்" என்று வெளியிட்டார்.

புலவர்கள் கொதித்தார்கள். ஓலைச்சுவடியில் இருப்பதை ஒரு ரசிகர் தம் இஷ்டப்படி மாற்றலாமா என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான்.

வையாபுரிப் பிள்ளையின் வழி வேறு. பல சுவடிகளைச் சேர்த்து, ஒப்பிட்டு, எது பழைய பாடம் என்று பார்ப்பவர் அவர். டி.கே.சி.யோ காதையும் இதயத்தையும் நம்பியவர். பாட்டைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுப் பாடிப் பார்ப்பார். தாளம் இடறினால், பாவம் குறைந்தால், "இது கம்பன் வாக்கு அல்ல" என்று ஒதுக்கிவிடுவார். ஒருவருக்குச் சுவடி சாட்சி. இன்னொருவருக்குச் செவி சாட்சி.

இப்படி எதிரும் புதிருமான இரண்டு பேர் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் அந்த முற்றத்தின் பெருமை.

முடிவு என்ன? டி.கே.சி. செய்த திருத்தங்களைப் புலவர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அந்த வழக்கில் அவர் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் பண்டிதர்கள் கையில் இருந்த கம்பனைச் சாதாரண ஜனங்களின் காதுக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முன்வரிசைக்காரர். அதை எதிர்க்கட்சிக்காரர்களும் மறுக்க முடியாது.

தமிழில் பாடினால் என்ன?

அடுத்த சச்சரவு சங்கீதத்தில் வந்தது.

அந்த நாளில் கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளும் சமஸ்கிருதக் கீர்த்தனைகளுமே அதிகம். தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வரும். 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. இதற்கெல்லாம் முன்னின்றவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். டி.கே.சி., ராஜாஜி, கல்கி மூவரும் தமிழ் இசைக் கட்சி.

எதிர்க்கட்சியிலும் பெரியவர்கள் இருந்தார்கள். "சங்கீதத்துக்குப் பாஷை கிடையாது. தியாகையர் கீர்த்தனையைத் தள்ளிவிட முடியுமா?" என்பது அவர்கள் வாதம். "அர்த்தம் புரிந்தால்தானே பாவம் மனத்தில் தைக்கும்? தமிழன் காதுக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டாமா?" என்பது இவர்கள் வாதம்.

பத்திரிகைகளில் அனல் பறந்தது. சபாக்களில் காரசாரமான பேச்சு நடந்தது.

பிறகு என்ன ஆயிற்று? தியாகையர் கீர்த்தனை அழிந்துவிடவில்லை. தமிழ்ப் பாட்டுக்கும் மேடையில் இடம் கிடைத்தது. இரண்டு கட்சியும் பேசியதால் நஷ்டப்பட்டவர் யாரும் இல்லை. லாபப்பட்டவர் கேட்கிறவர்தான்!

துக்கத்தில் வந்த பாட்டு

பாட்டைப் பற்றிப் பேசும் நட்பெல்லாம் பொழுதுபோக்கு நட்புதானே என்று நினைக்கலாம். அப்படி அல்ல.

டி.கே.சி.யின் வீட்டில் இடி விழுந்தது. அவருடைய மகன் இளம் வயதிலேயே காலமானார். தகப்பன் உயிரோடு இருக்க மகன் போவது போன்ற துக்கம் உண்டா?

கவிமணி ஆறுதல் பாட்டு ஒன்று எழுதி அனுப்பினார். ஊருக்கெல்லாம் பாட்டுச் சொன்ன மனிதருக்கு அந்தச் சமயத்தில் ஒரு பாட்டே மருந்தாக வந்தது. புத்திர சோகத்திலும் அவர் அந்தப் பாட்டின் அருமையை உணர்ந்தார் என்று நண்பர்கள் உருகிச் சொல்வதுண்டு.

பாட்டை நேசிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? சுகத்தில் மட்டும் ரசிப்பவன் பாதி ரசிகன். துக்கத்திலும் பாட்டைப் பிடித்துக்கொள்கிறவன்தான் முழு ரசிகன். அந்தப் பாட்டை எழுதி அனுப்ப ஒரு சிநேகிதர் இருப்பது பெரிய பாக்கியம்.

குற்றாலமே வட்டத்தொட்டி

கடைசிக் காலத்தில் டி.கே.சி. குற்றாலத்துக்கே வந்துவிட்டார். வட்டத்தொட்டியும் கூடவே வந்துவிட்டது. ராஜாஜி வந்தார். கல்கி வந்தார். காலையில் அருவிக் குளிப்பு. பிறகு சுடச்சுடப் பலகாரம். அதன்பின் பாட்டு, பேச்சு. வர முடியாதவர்களுக்குக் கடிதம். டி.கே.சி.யின் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்துவிட்டன.

1954-ல் டி.கே.சி. காலமானார். அதே ஆண்டில் கவிமணியும் கல்கியும் மறைந்தார்கள். ஒரே ஆண்டில் மூன்று நண்பர்கள்! வட்டம் கலைந்தது.

இன்று அந்த மலை

2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. சாரல் காலத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் குற்றாலத்துக்கு வருகிறார்கள். வருகிறவர்களில் சிலர் சோப்புக் கட்டியும், ஷாம்புப் பொட்டலமும், எண்ணெய்ப் புட்டியும் கொண்டு வருகிறார்கள். காலிப் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். மூலிகை வாசம் வீசிய தண்ணீரில் நுரை மிதந்தது. 2014-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் உபயோகிக்கத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

கீழே சிற்றாற்றுத் தண்ணீரை நம்பி வயல்கள் இருக்கின்றன. அது தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. மேலே ஒருவர் கரைத்த அழுக்கு, கீழே இன்னொருவர் குடத்துக்குப் போகிறது.

குறவஞ்சி பக்திப் பாட்டா, காதல் பாட்டா என்று எத்தனை நாள் வேண்டுமானாலும் விவாதிக்கலாம். அதில் எந்த அபிப்பிராயமும் சரிதான். ஆனால் அந்த அருவி சுத்தமாக இருக்கவேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியுமா? குரங்குக்குப் பழம் கொடுக்கும் மரம் இல்லாமல் போனால், கவிராயர் பாட்டைப் படிக்கும் பேரப்பிள்ளை, "தாத்தா, இதெல்லாம் பொய்யா?" என்று கேட்பான். என்ன பதில் சொல்வது?

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகிறவர்கள் சோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். பைக்குள் அந்த இடத்தில் ஒரு குறவஞ்சிப் புத்தகம் தாராளமாகப் பிடிக்கும்.

குளித்துவிட்டு, தலை துவட்டி, குடும்பத்தோடு வட்டமாக உட்காருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் ஆனாலும் பரவாயில்லை, ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பாட்டிக்கு ஒன்று பிடிக்கும். பையனுக்கு ஒன்று பிடிக்கும். மருமகள், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொன்னாலும் சொல்லட்டும்.

அதுதான் வட்டத்தொட்டி!